நரம்பு கடக்காத தூரம்

எபி கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் கூப்பிட்டு உன் புது லேபைச் சுற்றிக் காட்டினாய் அல்லவா, பேசி முடித்ததும் ஷீபா எழுந்துபோய் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அழுகிறாளா, முகம் கழுவுகிறாளா என்று தெரியவில்லை. வெளியே வந்தவள் இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "மம்மி, அண்ணாவுக்கு நீ எழுதிடு. எல்லாத்தையும். நான் வாயால சொல்ல மாட்டேன்" என்றாள். எதை எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்து உனக்குத் தெரியாத ஒரு விஷயம், நீ ஜெர்மனிக்குக் கிளம்புவதற்கு முன்பிருந்தே இந்த வீட்டில் இருக்கிறது. போனில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் உன் முகத்தைப் பார்த்தால் பாதியில் பேச்சை மாற்றி, சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். அறைக்குப் போய் உட்கார்ந்து நிதானமாகப் படி. வழியில் நின்றுகொண்டு படிக்காதே.

முதலிலிருந்தே சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் வரும். தெரிந்ததைக்கூட நீயும் நானும் ஒருநாளும் உட்கார்ந்து பேசியதில்லை. ஆஸ்பத்திரி கேண்டீனில் சண்டை போட்டதோடு சரி. அதன்பிறகு ஒரே வீட்டில் இருந்துகொண்டு உப்பு இருக்கிறதா, சாவி எங்கே என்று மட்டும் பேசிக்கொண்டோம்.

அன்று சாயங்காலம் மழை விட்டிருந்தது. ஷீபா பள்ளியிலிருந்து ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தாள். லிங்கராஜபுரம் ஃப்ளைஓவர் இறக்கத்தில், நம் தெருவுக்குத் திரும்புவதற்குச் சற்று முன்னால், ஈர மண்ணில் சக்கரம் வழுக்கியது. வேறு எந்த வண்டியும் மோதவில்லை. யாரையும் குற்றம் சொல்ல முடியாத விபத்து. விழுந்த வேகத்தில் தலை ஒரு பக்கமும் வலது தோள் இன்னொரு பக்கமுமாக இழுபட்டது. ஹெல்மெட் இருந்ததால் தலையில் கீறல்கூட இல்லை. தூக்கிவிட்டவர்கள் நல்லவேளை, பெண் தப்பித்துவிட்டாள் என்றுதான் எனக்கு போனில் சொன்னார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் கட்டிலில் சிரித்துக்கொண்டுதான் படுத்திருந்தாள். "கை மட்டும் மரத்துப் போச்சு மம்மி. தூங்குது. கொஞ்ச நேரத்துல எழுந்துக்கும்" என்றாள். நான் அந்தக் கையைத் தூக்கினேன். விட்டேன். துணி மாதிரி விழுந்தது. விரல்களை ஒவ்வொன்றாகக் கிள்ளினேன். அவள் ஸ்கூட்டர் கண்ணாடி உடைந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள். நான் கிள்ளுவது அவளுக்குத் தெரியவே இல்லை.

எபி, அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். உன் டாடிக்குத் தெரியாது, உனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியாது. அறுந்த நரம்பை ஒட்டவைக்கிற ஆராய்ச்சியிலேயே வாழ்நாளைக் கழித்தவள் நான். கழுத்துப் பக்கத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கொத்து அறுந்துவிட்டால் என்ன ஆகும் என்று மாணவர்களுக்குப் போர்டில் எழுதிக் காட்டியவள். நரம்பு திரும்ப வளரும். ஆனால் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். கழுத்திலிருந்து விரல்வரைக்கும் எவ்வளவு தூரம் என்று உன் கையை நீட்டிப் பார். நரம்பு வந்து சேரும்வரை தசை காத்திருக்காது. கட்டளை வராத தசை சுருங்கி நாராகிவிடும். அப்புறம் நரம்பே வந்தாலும் அங்கே எழுப்புவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. கட்டில் பக்கத்தில் நின்று அவள் தலையைத் தடவிக்கொண்டே இதையெல்லாம் நினைத்தேன். வாயில் "சரியாயிடும்டி" என்றுதான் வந்தது.

அவளுக்குக் கை என்றால் மற்றவர்களுக்கு இருக்கிற கை இல்லை. உனக்குத் தெரியும். காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவளுக்குக் கைதான் வாய். பள்ளி ஆண்டுவிழாவில் அவள் பிள்ளைகளோடு பேசுவதைப் பார்த்திருக்கிறாய். மேடையின் ஓரத்தில் நின்றுகொண்டு இரண்டு கையாலும் கடகடவென்று கதை சொல்லிக்கொண்டே போவாள். பிள்ளைகள் சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்கள். வீட்டில் வாயால் பேசும்போதும் அவள் கை சும்மா இருந்ததில்லை. சாம்பாரில் உப்பு இல்லை என்று அவள் கையாலேயே சொல்லி, டாடிக்குப் புரிந்து, அவர் எழுந்துபோய் உப்பு எடுத்து வருவார். நம் நாட்டுச் சைகையில் பெரும்பாலான எழுத்துகளைக் காட்ட இரண்டு கையும் வேண்டும். ஒரு கையால் ஒரு பிள்ளையின் பெயரைக்கூட எழுத்துக்கூட்டிச் சொல்ல முடியாது. இது எனக்கு விபத்துக்குப் பிறகுதான் தெரியும்.

நான் செய்கிற வேலையை உனக்கு விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் ஒரு தடவை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். பட்டுக்கூட்டைச் சோடா உப்பு போட்ட தண்ணீரில் கொதிக்கவைத்து மேலே இருக்கும் பசையை எடுக்கிறோம். மிஞ்சும் இழையைக் கரைத்து, சுத்தம் செய்து, மெல்லிய கம்பியின்மேல் படியவைத்தால் குழாய் ஆகிறது. அறுந்த நரம்பின் இரண்டு முனைகளையும் அந்தக் குழாய்க்குள் செருகித் தைத்துவிட்டால், ஒரு முனையிலிருந்து நரம்பு குழாய் வழியாக வளர்ந்து மறுமுனையைத் தொடும். அதற்குள் பட்டு மெல்லக் கரைந்து உடம்போடு போய்விடும். திரும்ப அறுத்து எடுக்க வேண்டியதில்லை. எங்கள் எலிகள் இழுத்து இழுத்து நடந்த காலை ஊன்றி நடக்க ஆரம்பித்தபோது நான் உனக்கு அனுப்பிய வீடியோவை, எலக்ட்ரானிக் சிட்டியில் உன் ஆபீஸ் முழுக்கக் காட்டினாய். "எங்க மம்மி செஞ்சது" என்று சொன்னாயாம். உன் சிநேகிதன் என்னிடம் சொன்னான். எனக்கு எந்தப் பரிசு கொடுத்திருந்தாலும் அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.

அதனால்தான் கேண்டீனில் நீ கேட்டது எனக்குப் புரிந்தது. உன் டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. "குழாய் உங்க லேப்ல ரெடியா இருக்குது. ஷீபா இங்க இருக்கா. நடுவுல என்ன மம்மி?" என்று கேட்டாய்.

"நடுவுல தூரம் இருக்கு, எபி. எலிக்குத் தாண்டினது ஒரு நகத்தளவு. இவளுக்கு அதை மாதிரி பல மடங்கு. இன்னும் மனுஷங்க யாருக்கும் போட்டதில்ல."

"ஸ்பெஷல் பர்மிஷன் வாங்கலாம். நான் அலையறேன். போட்டாதானே தெரியும்?"

"தெரிஞ்சுக்கறதுக்கு என் பொண்ணுதான் கிடைச்சாளா?"

நீ எழுந்துவிட்டாய். "உங்க பொண்ணுக்கே செய்ய மாட்டீங்கன்னா, வேற யார் பொண்ணுக்காக மம்மி இத்தனை வருஷம் செஞ்சீங்க?" என்றாய். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் உன் ஆறிய டீயைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தேன்.

நீ சர்ஜனிடம் தனியாகப் போய்ப் பேசியது எனக்குத் தெரியும். அவரே என்னைக் கூப்பிட்டார். "நோடி மேடம், பாருங்க, உங்க வேலை மேல எனக்கு மரியாதை இருக்கு. ஆனா இந்த இடத்துக்கு அது வேண்டாம். காலில் இருந்து நரம்பு எடுத்து இங்கே வைக்கிறேன். தோளும் முழங்கையும் வந்தால் போதும்னுதான் நான் பார்க்கிறேன். விரலைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். உங்களுக்கே தெரியும்" என்றார். தெரியும் என்று தலையை ஆட்டினேன். அன்று மத்தியானம் ஷீபாவே கேட்டாள். நீ அவளிடம் சொல்லியிருந்தாய். "நீ செஞ்சதையே போட்டுடு மம்மி. எனக்குப் பயம் இல்ல. நீ செஞ்சதுதானே" என்றாள். வேண்டாம் என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு, "நீ வேணாம்னா வேணாம்" என்றாள். அவளுடைய சம்மதத்தில் இருந்த அந்த நம்பிக்கையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை.

நான் சொன்னது சரி. இன்றைக்கு அதே கட்டிலில் அவள் படுத்திருந்தாலும் அதையேதான் சொல்வேன். சரியானதைச் செய்துவிட்டோம் என்ற நினைப்பு மனிதனுக்கு ஒரு பலம் கொடுக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தவள் நான். கொடுக்கவில்லை. தப்பு செய்தால் வருத்தப்படலாம், மன்னிப்பு கேட்கலாம், ஜெபம் பண்ணலாம், ஏதோ ஒரு வழி இருக்கும். சரியானதைச் செய்து அதனால் ஒன்றுமே ஆகாதபோது யாரிடம் போய் என்ன கேட்பது? ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோரும் கண்ணை மூடும்போது நானும் மூடுகிறேன். சொல்வதற்கு ஒரு வார்த்தை அகப்படுவதில்லை.

ஆபரேஷன் முடிந்து நாம் எல்லோரும் காத்திருந்ததை நீயும் பார்த்தாய். காலில் நரம்பு எடுத்த இடத்துக்குக் கீழே அவள் பாதத்தின் ஓரம் மரத்தே போய்விட்டது. நடக்கும்போது அந்தக் காலின் செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியாமல் போய்க்கொண்டே இருப்பாள். பின்னால் வருகிற யாராவது கூப்பிட்டு எடுத்துக் கொடுப்பார்கள். தோள் கொஞ்சம் அசைந்தது. அன்று நீ கேக் வாங்கி வந்தாய். முழங்கை மடங்குகிற மாதிரி ஒரு துடிப்பு வந்தது. அதோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே ஒன்றும் வரவில்லை. கை மெலிந்துகொண்டே போனது. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் இருக்கிற சதை வற்றிக் குழி விழுந்தது. நீ அதைக் கவனித்தாயோ என்னவோ, நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியாக எடுத்த டெஸ்டில், கையின் தசைகள் இனி நரம்பு வந்தாலும் எழாது என்று தெளிவாக எழுதிவிட்டார்கள். நீ விசா வேலையாக அலைந்துகொண்டிருந்த நாள் அது. ஷீபா அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "அண்ணாகிட்ட அடுத்த டெஸ்ட் தள்ளிப் போயிடுச்சுன்னு சொல்லிடு" என்றாள். சொன்னேன்.

அவள் வேலையை விட்டதற்கு உன்னிடம் சொன்ன காரணம் வேறு. பஸ்ஸில் கூட்டம், கையை யாராவது இடிக்கிறார்கள் என்று சொன்னாள். நடந்தது இது. ஹெட்மிஸ்ட்ரஸ் மனசு நல்ல மனசு. வந்து கிளாஸில் சும்மா இருந்தால் போதும் என்று கூப்பிட்டார். நானும் அவளோடு போனேன். பிள்ளைகள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். போர்டுக்கு முன்னால் நின்று இடது கையால் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். பாதி புரிந்தது, பாதி புரியவில்லை என்று பிள்ளைகளின் முகத்திலேயே தெரிந்தது. வகுப்புக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். அவள் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லப்போய், முதல் எழுத்திலேயே ஷீபா நின்றுவிட்டாள். இடது கை மட்டும் காற்றில் இருந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து வந்து, அவள் இடது கைக்குப் பக்கத்தில் தங்கள் கையை வைத்து, எழுத்தின் மிச்சப் பாதியைக் காட்டினார்கள். ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு, நான் நான் என்று. இவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததே இல்லை என்று நினைத்தேன். ஆட்டோவில் ஏறியதும் அவளிடம் அதைச் சொன்னேன்.

"உனக்கு அழகா இருந்துச்சா?" என்றாள். "நான் அதுங்களுக்குப் பேச்சு சொல்லிக்கொடுக்கப் போனவ மம்மி. அதுங்க பாவம் பார்த்து எனக்குக் கை குடுக்குது. வேணாம், பேஜார் ஆயிடுச்சு. நான் இனிமே போக மாட்டேன்." அதன்பிறகு போகவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் வீட்டுக்கே வந்து பேசிப் பார்த்தார். காபி கொடுத்து, நன்றி சொல்லி, அனுப்பிவிட்டாள்.

இப்போது உனக்குத் தெரியாத இன்னொரு விஷயத்துக்கு வருகிறேன்.

நீளமான இடைவெளியில் எங்கள் குழாய் என்ன செய்கிறது என்று பார்ப்பதற்கு முயல்களில் ஒரு சோதனை முன்பே திட்டமிட்டிருந்தோம். அனுமதியும் வந்திருந்தது. ஷீபாவுக்கு ஆபரேஷன் ஆன பிறகு அதைத் தொடங்கினோம். முயலின் காலில் எவ்வளவு நீளம் முடியுமோ அவ்வளவு. ஷீபாவுக்கு வேண்டியிருந்ததைவிட அதுவும் குறைவுதான். லேபில் யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நான் எதைத் தெரிந்துகொள்ளத் துடிக்கிறேன் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. காலம் வந்து திறந்து பார்த்தோம். சிலவற்றில் நரம்பு வருவதற்கு முன்னாலேயே பட்டு இளகி, குழாய் ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிட்டது. சிலவற்றில் குழாய் அப்படியே நன்றாக இருந்தது. வழி இருந்தது. ஆனாலும் நரம்பு கொஞ்ச தூரம் வந்து, நடுவில் மெலிந்து, நின்றுவிட்டது. அந்தப் பக்கத்துக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. ஒரு முயலில்கூட.

மைக்ராஸ்கோப்பில் அந்தக் காலி நடுப்பகுதியைப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. உன்னிடம் மறைக்க மாட்டேன். எபி கேட்டபடி செய்திருந்தாலும் கை வந்திருக்காது, நான் சொன்னதுதான் சரி, இனி என்னை யாரும் கேட்க முடியாது என்று ஒரு மூச்சு விட்டேன். அடுத்த மூச்சில், இத்தனை வருஷம் நான் செய்த வேலை நகத்தளவுக்கு மேல் ஒரு அடி நகரவில்லை என்பது உறைத்தது. இரண்டும் ஒரே சிலைடில் இருந்தது. லென்ஸிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, கோட்டைக் கழற்றி மாட்டி, சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஷீபா சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு கையால் பீன்ஸ் நார் எடுக்கப் பழகிக்கொண்டிருந்தாள். நான் பகலில் வந்ததைப் பார்த்ததுமே, "முயல் ரிசல்ட் வந்துடுச்சா?" என்றாள்.

"வந்துச்சு."

"தாண்டிச்சா?"

இன்னும் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் நேராகக் கேட்டாள். "தாண்டல" என்றேன்.

பீன்ஸைக் கீழே வைத்தாள். "அப்போ அன்னிக்கு எனக்குப் போட்டிருந்தாலும்?"

"போட்டிருந்தாலும் வந்திருக்காதுடி. இப்ப தோள் அசையுதே, அதுகூட கிடைச்சிருக்காது." இது அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நான் நினைத்தேன், எபி. எதையும் இழந்துவிடவில்லை என்று அவளுக்குத் தெரிந்தால் மனசு லேசாகும் என்று உண்மையாகவே நினைத்தேன்.

அவள் கோபமே இல்லாமல் சொன்னாள்: "மம்மி, நான் உன்மேல எவ்ளோ கோவமா இருந்தேன் தெரியுமா? அந்தக் குழாய் போட்டிருந்தா சரியாயிருக்கும்னு தினம் நினைப்பேன். நினைக்கிறப்ப எல்லாம் அதுல எனக்கு ஒரு நல்ல கை இருக்கும். பிள்ளைங்களோட பேசுவேன், சமைப்பேன், வண்டி ஓட்டுவேன். நடக்காமப் போன ஒண்ணுதான். ஆனா எங்கயோ ஒரு இடத்துல அந்தக் கை இருந்துச்சு. இப்ப அங்கயும் இல்ல."

நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் விலகவும் இல்லை, சாயவும் இல்லை. பிறகு அவளே, "அண்ணாவுக்குச் சொல்லாத. விசா வர்ற நேரம். இது தெரிஞ்சா அவன் போக மாட்டான். போகட்டும். ஒருத்தராவது இந்த வீட்டை விட்டுப் போகட்டும்" என்றாள். பீன்ஸை மறுபடி கையில் எடுத்தாள்.

அதனால், இதே குழாய் வேலைக்காக ஜெர்மனி லேபுக்குக் கிளம்பிய அன்று ஏர்போர்ட்டில் நீ அவள் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, "மம்மி பண்ணலைன்னா என்ன, நான் செஞ்சு எடுத்துட்டு வர்றேன் பாரு, ஷீபா" என்று சொன்னபோது அவளுக்கு எல்லாம் தெரியும். தசை போய்விட்டது தெரியும், முயல் ரிசல்ட்டும் தெரியும். அவள் சிரித்துக்கொண்டே, "சீக்கிரம் வாண்ணா" என்றாள். என்னிடம் நீ, "நீங்க பயந்துட்டீங்க மம்மி. நான் பயப்பட மாட்டேன்" என்றாய். நான் பத்திரமாகப் போய் வா என்று மட்டும் சொன்னேன். நீ உள்ளே போய்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டிய பிறகு, காரில் ஏறி உட்கார்ந்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டு, "நல்லா நடிச்சேனா?" என்று கேட்டாள்.

இதையெல்லாம் படித்துவிட்டு நீ திரும்பி வருவதற்கு டிக்கெட் பார்க்காதே. வராதே. வந்து செய்ய ஒன்றும் இல்லை. அங்கே நீ செய்யும் குழாய் எங்களுடையதைவிட நன்றாக இருக்கலாம். இன்னும் மெதுவாகக் கரையலாம், இன்னும் தூரம் தாண்டலாம். அது ஒருநாள் யாரோ ஒருவருக்குப் பயன்படட்டும். ஆனால் உன் தங்கைக்காகச் செய்கிறேன் என்று இனிமேல் நினைக்காதே. நாளைக்கே குறையில்லாத குழாய் ஒன்று கிடைத்தாலும் அவள் கையில் அது போய்த் தொடுவதற்கு ஒன்றும் இல்லை. அவளை நினைத்துக்கொண்டு வேலை செய்தால், வராத ரிசல்ட்டை வந்தது போலப் பார்க்க உன் கண் ஆசைப்படும். என் கண் ஆசைப்பட்டது. இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை சிலைடைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தேன். தாண்டாத முயல்களைப் பற்றி இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். தாண்டாததையும் யாராவது எழுத வேண்டும். உன் வேலையிலும் அப்படித்தான் செய். அப்புறம், எந்த வீட்டில் யாருக்கு என்ன நடந்திருந்தாலும் சரி, உன்னைத் தேடி வந்து கேட்கிறவர்களிடம் சீக்கிரம் என்ற வார்த்தையைச் சொல்லாதே. கேட்கிறவர்கள் அதைக் கையில் வாங்கிக்கொண்டு போய், வீட்டில் வைத்து, தினமும் எடுத்துப் பார்ப்பார்கள்.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. மன்னிப்பதற்கு என்ன இருக்கிறது என்று நீயும் நானும் எத்தனை நாள் உட்கார்ந்து தேடினாலும் கிடைக்காது. அதுதான் நம் கஷ்டமே. என்மேல் உனக்கு இருக்கும் கோபம் குறைய வேண்டும் என்றும் நான் எழுதவில்லை. இருக்கட்டும். அதைப் பிடித்துக்கொண்டுதான் நீ இதுவரை நின்றாய். இதைப் படித்ததும் அது உன் கையிலிருந்தும் நழுவிவிடுமோ என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நழுவினால் எனக்கு போன் செய். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். சும்மா லைனில் இருப்பேன்.

இவ்வளவு நாள் மறைத்தவள் ஏன் இப்போது சொல்லச் சொன்னாள் என்று கேட்பாய். அன்று பாத்ரூமிலிருந்து வந்தவளிடம் நானும் அதையே கேட்டேன். அவள் பதில் சொல்வதற்குள் உன் டாடி தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்துவிட்டார். பிசியோதெரபி இனி வேண்டியதில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகும் அவர் நிறுத்தவில்லை. காலையிலும் சாயங்காலமும் அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு, தோளிலிருந்து ஆரம்பித்து, விரல் ஒவ்வொன்றையும் மடக்கி நீட்டுவார். அந்தக் கடைசி டெஸ்ட்டைப் பற்றி நாங்கள் அவரிடமும் சொல்லவில்லை. சுண்டுவிரலை மடக்கிப் பிடித்துக்கொண்டு, வழக்கம்போல, "தெரியுதா பாப்பா?" என்று கேட்டார்.

அவள், "லேசா தெரியுது டாடி" என்றாள்.

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நேத்தைவிட?"

"நேத்தைவிட."

அவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போன பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். "ஒருத்தர்கிட்டத்தான் மம்மி என்னால பொய் சொல்ல முடியும். அது டாடிக்கு இருக்கட்டும்" என்றாள்.

ஆகவே எபி, வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது அவள் கையைப் பற்றிக் கேட்காதே.

உன் மம்மி